பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே

தம்பி,

எழுந்ததும் முதலில் இதைப் படி. மூலையில் ஓடும் பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே. நான் வீட்டிலிருந்து அனுப்பும் எங்கள் லேபின் ரத்த ரிப்போர்ட்டுகள் அதிலிருந்துதான் டாக்டர்களுக்கு மெயிலில் போகின்றன.

நேற்று நீ தூசி தட்ட அதை அணைத்து மறுபடி போட்டபின், ரிப்போர்ட் வரவில்லை என்று ஆளாளுக்குப் போன் செய்தார்களே, காரணம் இப்போதுதான் பிடிபட்டது. பாஸ்வேர்டு, செட்டிங் என்று எதையெதையோ மாற்றி மண்டை காய்ந்தபின் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். தேதி, நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடத்தில் நிற்கிறது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. மெயில்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பழைய தேதியோடு போனதால் இன்பாக்ஸின் அடியில் கிடக்கின்றன. தேதியைத் திருத்திவிட்டேன். அணைத்தால் மறுபடி தப்பாகிவிடும். உன் மேல் தப்பே இல்லை.

அதில் ஒரு ரிப்போர்ட் அவசரம். ஒரு அம்மாவுக்குப் பொட்டாசியம் எகிறியிருக்கிறது, இதயமே நின்றுவிடலாம். டாக்டர் போன் எடுக்கவில்லை. அடியில் தேடச் சொல்லி மெசேஜ் போட்டுவிட்டு, நேரில் கொடுக்க ஓடுகிறேன்.

சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. ராத்திரியும் நீ சாப்பிடவில்லை.

பி.கு: செருப்பு மாட்டும்போது டாக்டரே கூப்பிட்டார். "அடியில இருந்துச்சும்மா. அவங்கள உடனே அட்மிட் பண்ணியாச்சு" என்றார். மற்ற டாக்டர்களையும் பார்த்துவிட்டு, பேட்டரி வாங்கி வருகிறேன்.

இன்னொன்று. "வேலைவெட்டி இல்லாதவன்" என்று ராத்திரி உன்னைப் பார்த்துக் கத்தினேனே, அதற்கு இங்கே ஏதோ எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன். நான் வரும்வரை எங்கும் போய்விடாதேடா.

அக்கா