காந்தக் காப்பும் ராத்திரி மாத்திரையும்

22 ஜூன், ஞாயிறு

நிவேதாவும் மாறனும் வந்துவிட்டுப் போனார்கள். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று நான் போனில் பேசிய பேச்சுக்கு, என் மகள் இந்த வாசப்படி ஏறினதே பெரிது. மாறன் நல்ல பையன்தான். எங்களைப் போல ஜைன நயினார் வீட்டுப் பையன் இல்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன்.

கிளம்பும்போது இரண்டு சின்ன டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு கடையில் வாங்கினாளாம். காந்தக் காப்பு. என் முட்டி வலிக்கு ஒன்று, அவள் அப்பா பிரஷருக்கு ஒன்று. "ரத்த ஓட்டத்த சரி பண்ணுமாம் மா. கழட்டாம போட்டுக்கோ" என்று அவளே என் கையில் மாட்டிவிட்டாள். அவள் என்னைத் தொட்டு எத்தனை நாளாகிவிட்டது.

28 ஜூன்

தோசைக்கல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது, சனியன். வலி அப்படியே இருக்கிறது.

2 ஜூலை, புதன்

ஆபீசில் இரண்டு மாடி. நாலு தடவை ஏறி இறங்கியாயிற்று. சாயந்திரம் வேங்கிக்கால் ஸ்டாப்பில் பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. ஆபீசில் பக்கத்து சீட்டு தனம்தான் கை கொடுத்துத் தூக்கினாள். வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நிவேதா போன்.

"எப்படி மா இருக்கு வலி?" குரலில் அப்படி ஒரு ஆசை.

"நல்லா கம்மியா இருக்குடி" என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தைதானே. அந்தப் பக்கம் அவள் மாறனைக் கூப்பிட்டுச் சொல்வது எனக்குக் கேட்டது. எப்படிச் சந்தோஷப்பட்டாள்! வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவே கம்மியா ஜெயா?"

"ம்."

10 ஜூலை, வியாழன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ உள்ளே வரவில்லை. பாதி தூரம் நடந்தே வந்தேன். வந்தால் இங்கே ஒரு சேதி காத்திருக்கிறது. ஊர் ஜினாலயத்தில், எங்கள் ஜைனக் கோயிலில், முனிவர் வந்து தங்கியிருக்கிறார், மழைக்காலம் நாலு மாதமும் அங்கேதான். இவர் காலையில் போய் அவர் முன்னால் விரதம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாலு மாதமும் சூரியன் மறைந்த பிறகு வாயில் எதுவும் வைப்பதில்லை. தண்ணீர்கூட இல்லை.

இருட்டினால் சாப்பிடாதது எங்கள் ஜனங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இவருக்குப் பள்ளிக்கூடம் விட்டால் கணக்கு டியூஷன், எனக்கு ஆபீஸ். முப்பது வருஷமாக எட்டு மணிக்குத்தான் சாப்பிட்டோம். ரிட்டயர் ஆனதிலிருந்து அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சரி, நல்ல காரியம். ஆனால் நான் வீடு வந்து சேரவே ஏழாகிறது. இனிமேல் ராத்திரிச் சாப்பாட்டையும் காலையிலேயே செய்து மூடி வைக்க வேண்டும். ஆறு மணிக்கு அவரே போட்டுச் சாப்பிடுவார். நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று யாராவது கேட்டார்களா?

27 ஜூலை, ஞாயிறு

நாலரைக்கு எழுந்தேன். நடுவில் உட்கார்ந்த ஞாபகம் இல்லை.

6 ஆகஸ்ட்

பொய் இப்போது தினசரி வேலையாகிவிட்டது. நிவேதா வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறாள், பேச்சு என் முட்டியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகுதான் என்ன சமைத்தாள், மாறன் என்ன சொன்னான் எல்லாம் வரும். அதைக் கேட்கத்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நொண்டாமல் நடக்கிறேன். புடவைக்குள் பேண்டேஜ். ஆபீஸ் டிராயரில் வலி மாத்திரை, தனத்துக்கு மட்டும் தெரியும்.

இன்று இவர் எதிர்வீட்டு ராஜேந்திரனிடம் காப்புக் கையைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல முட்டி வலியே போயிடுச்சுங்க. கண்ணால பாக்கறேனே!" கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

இவருக்கு இரண்டு நாளாகத் தலைவலி. முகம் சிவந்திருக்கிறது. "மாத்திரை போடறீங்கதானே?" என்று கேட்டேன். "போடறேன், போடறேன். வெயில் ஜாஸ்தி, அதான்" என்றார். காலையில் என் எதிரிலேயே போட்டார். மேலே கேட்க எனக்குத் தெம்பில்லை.

2 செப்டம்பர்

ராஜேந்திரன் ஆபீசுக்கு போன் பண்ணாரு. "மேடம், சார் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, ஒடனே வாங்க" — ரெண்டு மாடியும் எப்படி எறங்கினேன்னு தெரியல. வலது கை தூக்கல. பேச்சு குழறுது. பிரஷர் இருநூத்திப் பத்தாம். கடவுளே, ஏன் இப்படி?

4 செப்டம்பர், வியாழன்

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நிவேதாவும் மாறனும் நேற்று விடிவதற்குள் வந்துவிட்டார்கள். இன்று அவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது டாக்டர் மணிமொழி அம்மா வந்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா சார்?"

குழறிக் குழறிச் சொன்னார். காலை மாத்திரை போட்டாராம். ராத்திரி மாத்திரையை விரதம் எடுத்த நாளிலிருந்து நிறுத்திவிட்டாராம். ஐம்பது நாளுக்கு மேல்! இருட்டின பிறகு வாயில் வைக்கக் கூடாதே. "அதான்... காப்பு இருக்கே டாக்டர். அது வாய்க்குள்ள போறதில்லயே."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், ஒரு வார்த்த கேட்டிருந்தா சாயந்திரம் சாப்பாட்டோடயே போட்டுக்கோங்கனு மாத்திக் குடுத்திருப்பேனே! காந்தம் பிரஷர கொறைக்கும்னு யார் சார் சொன்னது?"

இவர் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "இவளுக்கு முட்டி வலி போயிடுச்சு டாக்டர்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5 செப்டம்பர்

நான்தான்.

14 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று நாளாகிறது. நிவேதா ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னபடி சாயந்திரம் சாப்பாட்டோடு மாத்திரை. விரதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. இவ்வளவு சுலபம்!

கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுகிற கை அது. இன்று ஸ்பூன் நிற்கவில்லை. ஊட்டிவிட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. "என் வலி ஒரு நாளும் கம்மியாகலங்க. பொய் சொன்னேன்."

வாயிலிருந்த சோற்றை மெதுவாக முழுங்கினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

16 செப்டம்பர்

இரண்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "ஏன் அப்படி சொன்ன?"

"அவ ஆசையா வாங்கிக் குடுத்தா. வேலை செய்யலன்னா மறுபடியும் வராம போயிடுவாளோன்னு பயமா இருந்துச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? நீ நடந்தத பாத்துதான் நம்பினேன்."

திட்டியிருந்தால் தேவலை.

5 அக்டோபர், ஞாயிறு

நிவேதா போன். அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, "உன் முட்டி எப்படி மா?" என்றாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுடி. மொதல்லருந்தே வலிக்குது. அந்தக் காப்பால ஒண்ணும் ஆகல."

"அப்ப அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ குடுத்ததுனால இல்லடி. நான் சொன்னதுனால."

அழுதாள். "எதுக்கு மா என்கிட்ட பொய் சொன்ன? நான் என்ன யாரோவா?" வைத்துவிட்டாள்.

8 அக்டோபர்

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. என்ன சொல்லிப் பண்ணுவது? இவர் இன்று ஸ்பூனைப் பிடித்து இரண்டு வாய் தானே சாப்பிட்டார். அதைச் சொல்லக்கூட ஆளில்லை.

11 அக்டோபர், சனி

விடிகாலையில் கதவு தட்டுகிற சத்தம். நிவேதா, தனியாக. முகம் வீங்கியிருந்தது. உள்ளே போய் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு. அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அடுப்பங்கரையை விட்டு வெளியே வரத் தைரியமில்லை.

அவளே வந்தாள். அடுப்பை அணைத்தாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்த எடத்துல மா வலிக்குது?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. உள்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் கீழே. காட்டினேன்.