அப்பாவுக்கு நான் காட்டிய சாடை

என் மூக்குறிஞ்சி மகளுக்கு,

நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

அறுபது தாண்டியவர்களுக்கு மறதி எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். இன்று நம் வீட்டுக்கும் ஒரு பெண் வந்தாள். பூட்டு, சீப்பு, குடை என்று அப்பாவிடம் மூன்று சொற்களைச் சொன்னாள். வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த மூன்றும் என்ன என்று கேட்டாள். அப்பா முழித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் கேட்கிற ஆளா? அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பூட்டைத் திறந்தேன், தலை வாரினேன், குடை பிடித்தேன். அப்பா முழு மார்க்.

பிறகு என்னிடம், "முன்னைவிட மறதி கூடியிருக்காம்மா?" என்றாள்.

"கல்யாணத்தன்னிக்கே பக்கத்து மண்டபத்துக்குப் போன மனுஷன், இனி கூடறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றேன். அவள் சிரித்தபடி, ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை.

"எதுக்குடி கை காட்டினே? அதைப் பார்த்ததும் வாய் தானா சொல்லிடுச்சு. தப்பா சொன்னா டாக்டர்கிட்ட அனுப்புவாங்களாம். எனக்கு என்னமோ ஆகுது. உன்கிட்ட சொன்னா கேலி பண்ணுவே. அதான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர், முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் காத்திருந்திருக்கிறார்.

நாளைக்கு அவள் பக்கத்துத் தெருவில் இருப்பாள். நடந்ததைச் சொல்லிக் கையோடு கூட்டிவரப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அப்பா பேசி முடிக்கும்வரை வெளியே நிற்பேன்.

நீ ஃபோன் செய்தால் அப்பாவிடமே கேள். என்னிடம் கேட்டால் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா