சங்கத்தின் முதல் கைநீட்டம்

பாறசாலை
20 செப்டம்பர் 1954

அன்பு மகள் விமலகுமாரிக்கும் மருமகனுக்கும், கர்த்தருடைய சமாதானம் கூறி அம்மா லீலாபாய் எழுதுவது. நான் சுகம். கருப்பட்டிக் கடையும் குறைவில்லாமல் நடக்கிறது.

உன் கடிதத்தைச் சந்தையில் நின்றபடியே படித்தேன். சிங்கப்பூரில் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்களெல்லாம் சேர்ந்து மாதர் சங்கம் தொடங்கிவிட்டீர்கள். அதற்கு நீ தலைவி! கோயிலுக்குப் போகிறவளும் சபைக்குப் போகிறவளும் ஒன்றாக நின்று கும்மி பழகுகிறீர்களாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உரக்கப் படித்தேன். மீன்காரிகள், "மக்கா, எங்களையும் கப்பல்ல ஏத்துவாளா?" என்று சிரித்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே கரை வைத்த சேலை கேட்டாயே, மறுநாளே பாலராமபுரத்துக்குப் பஸ் ஏறினேன். நெசவுக்காரர் வேலாயுதன், "பெண்ணுவளெல்லாம் பட்டாளத்தில சேருதாளுவளா அம்மா?" என்றார். பட்டாளம்தான், துப்பாக்கி மட்டும் கிடையாது என்றேன். சிவப்புக் கரைக்குச் சொல்லியிருக்கிறேன். விலையையும் பேசிக் குறைத்தாயிற்று.

இனி தையல் மிஷின் விஷயம். தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தில் நொந்த குடும்பங்களுக்குச் சங்கம் மிஷின் வாங்கி உதவுவது நல்ல காரியம். ஆனால் முதல் மிஷினை உன் அண்ணி புஷ்பபாய்க்கே அனுப்பத் தீர்மானித்ததாக எழுதியிருக்கிறாய். அண்ணன் எலியா அந்தப் போராட்டத்துக்காக ஜெயிலில் இருக்கிறான், இவள் கைக்குழந்தையோடு நிற்கிறாள், வாஸ்தவம். ஆனாலும் வேண்டாம். நாளின் முதல் வியாபாரமான கைநீட்டத்தை நான் வெளியாளிடம்தான் செய்வேன். வீட்டாருக்கு அள்ளிக்கொடுத்துத் தொடங்கிய கடை எதுவும் அடுத்த ஓணம் கண்டதில்லை. தலைவி வீட்டுக்கே முதல் உதவி என்றால், அடுத்த கூட்டத்துக்கு நீ ஒருத்திதான் இருப்பாய்.

கொல்லயில் ஊர்ச் சுகுமாரிக்குக் கொடு. போன மாதம் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டதில் முழங்காலில் குண்டு பட்ட அவள் மாப்பிள்ளை ராஜப்பன் இனிப் பனையேற முடியாது. அவளுக்குத் தைக்கத் தெரியும். புஷ்பபாயிடம் சொன்னபோது முகம் சற்று வாடியது. பிறகு, "அவளுக்கே குடுங்க அம்மா. எனக்கு நீங்க உண்டு, அவளுக்கு ஆரு உண்டு?" என்றாள்.

போன வாரமும் எலியாவைப் பார்க்க விடவில்லை. மெலிந்துவிட்டான் என்று கேள்வி. சங்கத்தின் பொருள் நம் வீட்டுக்கு வேண்டாம் மகளே. நீங்கள் கூடும்போது எல்லோரும் அவரவர் தெய்வத்திடம் அவன் பேரை ஒருமுறை சொல்லுங்கள். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனதில்லை.

உங்கள் சங்கம் தழைக்க வேண்டிக்கொள்ளும் அம்மா,
லீலாபாய்