நூற்றிருபதுக்கு எண்பது

என் பொல்லாத மதினி பரிதாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் முந்திரிக்காட்டுக் குடியிருப்பின் முக்கத்தில் இன்னும் நிற்கிறது. ஒரு பக்கம் கயிறு அறுந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் யாரோ மறுபடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்படிப் படம் போட்டு பேனர் வைப்பது உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஆசையாகச் செய்துவிட்டார்களே என்று அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் படம் எது தெரியுமா? பிரஷர் முகாம் முடிந்து நாம் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு எடுத்த படம். என்னை வெட்டிவிட்டார்கள். உன் இடது தோளில் நாலு விரல் மட்டும் தெரிகிறது. அது என் விரல். பஸ் அந்த முக்கத்தில் திரும்பும்போதெல்லாம் அந்த நாலு விரலைத்தான் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று நீ கேட்கலாம். உயிரோடு இருந்தபோதே பட்டவள்தானே நான்.

ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஆபீஸில் கேட்டார்கள். "நீங்கதாங்க மேடம் அவங்களுக்கு ரொம்பக் குளோஸ், நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. அவர்கள் போட்டால் போடட்டும்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உன் வீட்டுக்காரர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடப்போய், நீ எனக்கு மதினி, நான் உனக்கு நாத்தனார் என்று ஆனோம். நான் சமூகப்பணியில் முதுகலை, நீ பத்தாவது பெயில். எனக்குச் சுகாதாரக் கல்வியாளர் என்று பதவி, உனக்குக் களப்பணியாளர் என்று. கறம்பக்குடி ஆபீஸிலிருந்து புறப்பட்டு, டவுன்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வைத்தியம் எட்டாத குடியிருப்புகளுக்குப் போய், பிரஷர், சுகர் பார்த்து, எடுத்துச் சொல்லி, மாத்திரையை விடாமல் சாப்பிட வைக்கிற வேலை. அந்த ஜனங்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் பிரஷர் என்று ஒன்று இருப்பதே தெரிய வரும். அதை மாற்றத்தான் பதினைந்து வருடம் சேர்ந்து அலைந்தோம்.

சார்ட் எழுதுவது நான். மைக் பிடிப்பது நான். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி மிஷினை அமுக்குவதும் நான். ஆனால் முந்திரிக்கொட்டை உடைத்துக் கருத்த கையோடு அந்தப் பெண்கள் எழுந்து வந்தது உன்னைப் பார்த்து. உன்னிடம் "வா பரிதா, இங்கிட்டு ஒக்காரு" என்பார்கள். என்னிடம் "வாங்க டீச்சர்" என்பார்கள். மரியாதையெல்லாம் எனக்கு, பாயும் மோரும் உனக்கு. மூன்று மாதம் நான் படம் போட்டு விளக்கியும் அசையாத ராமாயி, நீ ஒருநாள் அவளோடு உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டே "ஏங்கா, நீ படுத்துட்டா இந்தக் கொட்டைய எவ ஒடைப்பா?" என்று கேட்டதும் மாத்திரைக்கு ஒத்துக்கொண்டாள். அன்று நான் உன்னைப் பாராட்டினேன். வீட்டுக்குப் போய் ரசத்தில் உப்பைப் போட மறந்தேன்.

அந்த நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம்.

ஆரம்பத்தில் பட்டையைக் கையில் சுற்றினாலே பெண்கள் பயந்து ஓடினார்கள். பயம் தெளிய முதலில் உன் கையில் சுற்றிக் காட்டுவோம். ஒருநாள் வெயிலில் நடந்து வந்ததில் உனக்குக் கொஞ்சம் கூடக் காட்டியது. நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "சொல்லிக்குடுக்க வந்த ஆளுக்கே இம்புட்டா?" என்று ஒருத்தி எழுந்து போக, பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது பேசி முடிவு செய்தோம். காட்டுவதற்குத்தானே உன் கையில் சுற்றுகிறோம், இனிமேல் எது வந்தாலும் நூற்றிருபதுக்கு எண்பது. மிஷினின் முகம் என் பக்கம்தானே இருக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்குப் பிறகு நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பட்டை சுருங்கும், நான் மைக்கில் ராகமாகச் சொல்வேன், நீ "வலிக்கவே இல்ல, பாத்துக்கங்க" என்று கையை ஆட்டிக் காட்டுவாய், எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். ஊரெல்லாம் பார்க்கச் சொன்னவள், உனக்கு நீயே ஒரு தடவை பார்த்திருக்க மாட்டாயா? நான் சொல்லிச் சொல்லி அதுதான் உன் நம்பர் என்று நீயும் நம்பிவிட்டாயா?

பலாப்பழ சீசனில் கடைசியாகப் போனோமே, அன்று என் கண் தற்செயலாக மிஷின் மேல் பட்டது. நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பதினைந்து. பரிதா, நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மைக்கில் நூற்றிருபதுக்கு எண்பது என்றேன். கூட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுவரை என் மேல் தப்பில்லை. முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் உன்னிடம் சொல்லி, அங்கிருந்து நேராக டாக்டரிடம் கூட்டிப்போவது என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன்.

அதற்குள் ராமாயி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது எங்க பரிதாவுக்கு" என்றாள். நாலு பேர் உன்னைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைக்கு என்ன படிப்பு, வீட்டுக்காரருக்கு முட்டுவலி எப்படி என்று விசாரித்தார்கள். நான் மிஷினை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் பக்கம் திரும்பி, "டீச்சர், ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?" என்றாள்.

பஸ்ஸில் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பாதி உனக்கு, பாதி எனக்கு என்றாய். எனக்குப் பலாப்பழம் ஆகாது என்றேன். ஆகாமல் என்ன? கொஞ்ச நேரம் கழித்து, "மதி, தலை என்னமோ கனமா இருக்கு" என்றாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வெயில்" என்றேன்.

ஒரே வார்த்தை. அதை நான் எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் உன்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. இன்றைக்கு ஒருநாள் இவளுக்கு நான் எதையும் தர வேண்டாம் என்று இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் ஞாயிறு. திங்கள் ரிப்போர்ட் வேலை. அதற்குப் பிறகு, இப்போது சொன்னால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று கூச்சமாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "தங்கச்சி, பரிதா கொல்லையில விழுந்துட்டா, வாய் கோணிக்கிட்டுப் போகுது, சீக்கிரம் வாம்மா." புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நீ அப்புறம் கண்ணே திறக்கவில்லை.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று முந்திரிக்காட்டுப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். தெருவெல்லாம் அழுகை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே தலைகளை எண்ணினேன். எனக்கு இதில் பாதி வருமா என்று எண்ணினேன். என்னை என்ன செய்யலாம் சொல்.

பிறகுதான் ஆரம்பித்தது. நாம் சேர்ந்து போன ஊர்களையெல்லாம் என் ஒருத்தியிடமே கொடுத்தார்கள். முதல் தடவை தனியாகப் போனேன். யாரும் வரவில்லை. ராமாயி மட்டும் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அவளுடைய மாத்திரை, இன்னும் மூன்று வீட்டு மாத்திரை.

"இந்தாங்க டீச்சர், ஒங்க மாத்திர. எங்க கண்ணு முன்னாடிதானே பரிதாவுக்குப் பாத்துச் சொன்னீங்க? மாசா மாசம் நூத்தி இருவதுக்கு எம்பது. நல்லா இருந்த மனுசிக்கே பிரசரு வந்து போயிருச்சு. அப்பறம் இந்த மிஷினு என்னத்தச் சொல்லுது? தின்னாலும் போவம், திங்காட்டியும் போவம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில பேருக்குத் திடீர்னு அப்படி ஆகும்மா" என்றேன். மறுபடியும் ஒரு பொய். பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது ராமாயி வேலைக்குப் போகாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் தோப்பில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, வலது கை சிறிது நேரம் மரத்துப்போயிருக்கிறது. இப்போது சரியாகிவிட்டது, வெயில்தான் என்றாள். வெயில் என்று அவள் சொன்னதும் இனி மறைக்க என்னால் முடியவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். மைக் இல்லை, சார்ட் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை என் பக்கம் திருப்பி வைத்ததை, பார்க்காமலே சொன்ன நம்பரை, பார்த்தும் சொல்லாத நம்பரை. மிஷின் சரியாகத்தான் சொன்னது, நான்தான் சொல்லவில்லை என்றேன்.

"ஏன் சொல்லல?" என்று ராமாயி கேட்டாள்.

"நீங்க அவளுக்குப் பலாப்பழம் குடுத்தீங்க."

ஒருத்தி எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராமாயி என்னையே பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன்.

"ஒரு பலாப்பழத்துக்கா டீச்சர்?" என்றாள். "கேட்டிருந்தா ஒங்களுக்கும் ஒண்ணு வெட்டிக் குடுத்திருப்பமே. மரத்துல எம்புட்டுக் கெடந்துச்சு."

அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் கையை நீட்டினாள். "மிஷின இங்கிட்டுத் திருப்பி வைங்க. நானே பாக்குறேன்" என்றாள். அவளுக்கு ரொம்பக் கூடக் காட்டியது. ஆட்டோ பிடித்து அன்றே கறம்பக்குடிக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன். இப்போது மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாள். மற்ற மூன்று வீட்டிலும் சாப்பிடுகிறார்கள்.

என்மேல் பிரியம் வந்து சாப்பிடவில்லை. என்னை யாரும் நம்புவதில்லை. முதலில் என் கையில் பட்டையைச் சுற்றி, மிஷினை நடுவில் வைத்து, எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த எண்களை அடையாளம் தெரிந்துகொண்டார்கள். "ஒங்களுக்கே கூட இருக்கு டீச்சர், உப்பக் கொறைங்க" என்று போன வாரம் ஒருத்தி எனக்கே பாடம் எடுத்தாள். நானும் டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். நீ இருந்தவரை அவர்களுக்கு நம்பரே தேவைப்படவில்லை, உன் வார்த்தை போதும். அந்த மாதிரி ஒரு ஆளாக நான் ஒருநாளும் ஆகப்போவதில்லை. இதை எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை சந்தைக்கு முந்திரிக்காட்டிலிருந்து ஆட்கள் கறம்பக்குடிக்கு வருவார்கள். யார் வாயிலாவது வந்து இந்த விஷயம் உன் வீட்டுக்கும் போய்விடும். உன் மகள் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள், தெரியுமா? முதல் மாதம் காலேஜில் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும், "அத்தே, ஒங்க கையக் குடுங்க" என்று ஓடி வந்து எனக்குத்தான் முதலில் பார்த்தாள். உம்மாவுக்குப் பார்த்திருந்தால் என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். நான் கையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த மலர் அச்சாவதற்கு முன்னால், சந்தைக்கு முன்னால், என் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். உன் வீட்டுக்காரர் "வா தங்கச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். உட்காராமலே சொல்கிறேன். அவர்கள் வெளியே போகச் சொன்னால் போகிறேன். ஒருவேளை மன்னித்தார்களானால், பரிதா இருந்தால் மன்னித்திருப்பாள் என்று சொல்லித்தான் மன்னிப்பார்கள். அப்போதும் பேர் உனக்குத்தான். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லாமல் வர மாட்டேன், இது உன்மேல் ஆணை.

நாளை வரைக்குமாவது உன் நாத்தனார்,
வளர்மதி