தங்கப் பல்லியைத் தொட்ட கை

இன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தோளில் ஒரு பல்லி விழுந்தது. நாளெல்லாம் பல்லியின் மரபணுவைப் படிக்கிறவள், வீல் என்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "மேடம், உங்க ஊர் காஞ்சிபுரம்தானே? தங்கப் பல்லியைத் தொட்டிருப்பீங்க. என்னைத் தொடுங்க, பல்லி விழுந்த தோஷம் போயிடும்." என் கை நேராக அவள் கன்னத்துக்குப் போனது. "விழுந்தது தோள்ல மேடம்" என்று சிரித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் கல்லூரி முடிக்கிற வருஷம் நீ மொபெட்டிலிருந்து விழுந்தாய். முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. தங்கப் பல்லியைத் தொடக் கோயிலுக்குத் தூக்கிப்போக ஆளிருந்தும் நீ ஒப்பவில்லை. "நீ போய்த் தொட்டுட்டு வந்து என்னைத் தொடுடி. தொட்டவங்களைத் தொட்டாலே போதும்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. அறுந்த வாலையே வளத்துக்குது, அதுக்குத் தெரியாததா?"

அந்தக் கேள்வியே எனக்குப் பிழைப்பாயிற்று. பல்லி, மீன், எலி, மனிதன் என்று மரபணு வரிசைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவேன். இழந்ததை வளர்த்துக்கொள்ளும் உயிர்கள் ஒத்துப்போய், மற்றவை விலகுகிற இடம் எது என்று தேடுவேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்துகள் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையும். அதன் கரையில் நீ நடந்து வருவாய். வாரந்தோறும் போனில் கேட்பாய்: "என்னடி சொல்லுது என் பல்லி?"

"அதுங்கிட்ட இருக்கிற மரபணு முக்காவாசி நம்மகிட்டயும் இருக்குது. எப்ப முழிச்சிக்கணும்ங்கிறதுலதான் வித்தியாசம். ஒண்ணு மட்டும் முழிச்சா ஆகாது, ஒரு கும்பலே சேர்ந்து பண்ற வேலை."

"அப்ப உள்ள தூங்கிக்கினு இருக்குதுன்னு சொல்லு. என்னை மாதிரியே சோம்பேறி. எழுப்புடி!"

எழுப்ப முடியவில்லை. ஓர் ஐப்பசிக் காய்ச்சலில் போய்விட்டாய், அவசரக்காரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ தொட்டுவிட்டு வரச் சொன்ன அன்றைக்கு, கோயில் படியேறிப் பல்லியைத் தடவிய கையோடு, யாரிடமும் பேசாமல் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். உன் பாதத்தில் கையை வைத்தேன். அழுத்தினேன்.

"வந்துட்டியா? தொடுடி, எவ்ளோ நேரம்?" என்றாய்.

கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்தேன். "ஹா, சில்லுனு இருக்குதுடி" என்று சிரித்தாய்.

தோளில் விழுந்ததற்குக் கன்னத்தைத் தொட்டால் பலிக்குமா, தெரியாது. வேறெங்கும் தொட இந்தக் கைக்கு இன்னும் பயமாக இருக்கிறது.