பிழையே இல்லாத பட்டியல்

மார்ச் 7, 1988. திங்கள்

காலை ஏழு மணிக்கே புழுக்கம். மழை வந்தால் தேவலை. பட்டர்வொர்த்தில் ஒரு ஃபெரி கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டே வந்தேன்.

செய்ய வேண்டியவை:
– இவருக்கு வயிற்றுவலி மாத்திரை
– குடைக் கம்பி
– சின்னம்மாவுக்குப் பதில் கடிதம் (மூன்று வாரம் ஆகிறது, வெட்கம்)
– கம்ப்யூட்டர் பட்டியலைத் திருத்துவது, மற்றவர்கள் வருவதற்குள்

கடைசி வரியை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியாயிற்று. இந்த நோட்டு என் கைப்பையை விட்டு வெளியே போகப்போவதில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும், அதனால் இதனிடம் சொல்கிறேன்.

துறைமுகத்துக்கு எதிரே இந்தச் சரக்குக் கம்பெனியில் பதினொரு வருடமாகக் கிராணி வேலை, குமாஸ்தாதான். கப்பலிலிருந்து வருகிற சரக்கில் எது எந்தக் கிடங்குக்கு, எதன் பக்கத்தில் எது என்று தினமும் பட்டியல் போட வேண்டும். பென்சில், காகிதம், முக்கால் மணி நேரம். ஜனவரியில் பாஸ் லிம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மனிதர் மாதிரியே யோசிக்குமாம். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜன்ஸாம். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க கோலாலம்பூரிலிருந்து கணேஷ் என்று ஓர் இன்ஜினியர். ஒரு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி.

"வெங்காயத்துக்குப் பக்கத்துல தேயிலை வைக்கலாமாக்கா?"

"கூடாது."

"ஏன்?"

"வாடை ஏறும்."

எழுதிக்கொண்டார். அப்படி நூற்றுக்கணக்கில். எல்லாம் மெஷினுக்குள் போயிற்று.

முதல் நாள் அது போட்ட பட்டியலில் தேயிலைக்குப் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு. நான் வெங்காயத்தைச் சொன்னேன், நெத்திலியைச் சொல்லவில்லை. அதைக்கூடவா சொல்ல வேண்டும்?

பயந்துவிட்டேன். பாஸ் பார்த்தால் மெஷின் தப்பு என்பாரா? பரமேஸ்வரி தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றுதானே சொல்வார். யாரும் வருமுன் இடத்தை மாற்றி, மறுபடி அச்செடுத்து, அவர் மேசையில் வைத்தேன். மறுநாளும். அதற்கடுத்த நாளும். இன்று ஐந்தாவது வாரம் தொடங்குகிறது.

இன்று திருத்தியவை ஏழு.


மார்ச் 8, செவ்வாய்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. குடை மறந்தேன்.

பாஸ் சிரித்த முகம். நேற்று சிங்கப்பூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையை எனக்கே படித்துக் காட்டினார். முன்பு நாற்பத்தைந்து நிமிடம் எடுத்த வேலையைக் கம்ப்யூட்டர் நான்கு நிமிடத்தில் முடிக்கிறதாம்.

நான்கு நிமிடம்! பொத்தானை அழுத்தியதிலிருந்து அச்சு வரும் வரைக்கும் சரியாக நான்குதான், பொய்யில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொரு சரக்கையும் நான் உட்கார்ந்து தட்டுகிறேனே, ஒன்றே கால் மணி நேரம்? பிறகு திருத்துகிற அரை மணி? ஆறரை ஃபெரிக்காக ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஓடி வருகிறேனே, அது எந்தக் கணக்கில் சேரும்? முன்பெல்லாம் எட்டரைக்கு வந்து, கோப்பி குடித்து, ஒன்பதேகாலுக்குப் பட்டியலைக் கீழே அனுப்பிவிடுவேன்.

"வெரி குட் சார்" என்றேன். வெட்கம் கெட்டவள்.


மார்ச் 9, புதன்

மதியம் இடி, மழை இல்லை.

பத்து மணிக்கு யூசுப் அண்ணன் பட்டியலும் கையுமாக மாடிக்கு வந்தார். கீழே கிடங்கில் அவர்தான் மண்டோர், ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறார். அவருடைய வாப்பாவும் இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

"தங்கச்சி, இந்தத் தூளு பீப்பாய ரெண்டாம் நம்பர் ஸ்டோர்ல போடச் சொல்லியிருக்கியே. அங்க எஞ்சின் ஆயில் நிக்கிதுமா."

பத்து ஃபெரிங்கி என்கிற கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களின் நீச்சல்குளத்துக்கு வருகிற குளோரின் தூள். மெஷின் அதை மாவு, சோப்புத் தூள் வகையில் சேர்த்திருக்கிறது. இன்று பதினொரு இடத்தில் திருத்தியும் இது என் கண்ணில் படவே இல்லை.

"போட்டா என்னண்ணே?"

"எண்ண பட்டா தானாவே பத்திக்கும். நெருப்பே வேணாம். நம்ம பயலுவ அங்கதானே மதியானம் படுக்கிறானுங்க."

பதினொரு வருடம் நான் 'தூள், 20 பீப்பாய்' என்று மட்டும், கிடங்கு எண்கூடப் போடாமல், எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் பாட்டுக்கு நாலாம் கிடங்கில் தனியாக வைத்திருக்கிறார். எனக்கு அது ஒரு விதி என்றே தெரியாது. தெரியாததை எப்படிக் கணேஷுக்குச் சொல்லியிருப்பேன்?

கோலாலம்பூரில் கணேஷுக்குப் போன் போட்டேன். "சின்ன விஷயம்தான்க்கா, பேரைச் சொல்லுங்க, ஒரு ரூல் சேர்த்துடலாம் லா." எந்தப் பெயரைச் சொல்வது? ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு பெயர் போட்டு அனுப்புகிறான். 'பூல் பவுடர்' என்கிறான் ஒருத்தன், 'வைட்னர்' என்கிறான் இன்னொருத்தன். "அப்போ எல்லாப் பேரையும் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார்.

நாளை வேறு புதுப் பெயரில் வந்தால்?


மார்ச் 10, வியாழன்

பாஸ் ஒரு காகிதம் நீட்டினார். நான்கு வாரமாகக் கம்ப்யூட்டர் பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை என்று. அதற்கு நான் சாட்சி. சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டுமாம்.

பேனா கையில். "சார், நான் தினமும் திருத்துகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. சொல்லியிருந்தால், என்னைக் கேட்காமல் ஏன் தொட்டாய், ஏன் மறைத்தாய் என்று வந்திருக்கும். கம்பெனிக் காகிதத்தில் கை வைத்த கிராணியை வைத்திருப்பார்களா?

கையெழுத்துப் போட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனேன்.

ஃபெரியில் பக்கத்து பெஞ்சில் இரண்டு ஃபேக்டரிப் பெண்கள். "எங்க லைன்ல மெஷின் வந்ததும் ஆறு பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்கடி." "சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தா வேலைக் கார்டு பன்ச் ஆகலையாம், அப்பதான் தெரியுமாம்." இறங்கும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 14, திங்கள்

மூன்று நாள் எழுதவே பயம். இன்று எழுதாமல் இருக்கவும் பயம்.

யூசுப் அண்ணனுக்குக் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வரைதான் வேலை. எது எங்கே என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறபோது மண்டோர் எதற்கு? தூக்குகிற ஆட்கள் போதுமாம். காரணம் இரண்டு வரி. ஆங்கிலம். என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்.

படித்துச் சொன்னேன். என் வாயால்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"மெஷினு ஒரு தப்பும் பண்றதில்லயாமே. நீதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தியாம், பாஸ் சொன்னாரு. நல்லதுதான்மா. நீ சொல்லிக் குடுத்ததுதானே அது. ஒம் பேரு மேல போவட்டும்."

அவருடைய கடைசி மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம், பெரிய பரீட்சை வருடம். கீழே இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அவர் போன பிறகு அந்தப் பீப்பாய்களை யார் பிரித்து வைப்பார்கள்?


மார்ச் 15, செவ்வாய்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடம் ஆலையில் ஆட்குறைப்பு செய்தபோது வீட்டுக்கு வந்தவர், இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் இன்னும் யாழ்ப்பாணப் பேச்சுத்தான்.

"நீர் வாயைத் திறக்காதேயும். எனக்கும் வேலை இல்லை. உமக்கும் போச்சுதெண்டால் என்ன செய்யிறது?"

"அந்த மனுசன் என்ன பாவம் செய்தவர்?"

"பாவம்தான். நான் என்ன பாவம் செய்தனான்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் இன்னும் பயம் கூடுகிறது. குக்கர் விசில் அடித்ததற்கே திடுக்கிட்டேன்.


மார்ச் 16, புதன். மதிய இடைவேளை

மழை வந்துவிட்டது, ஒருவழியாக. குடை இன்னும் உடைந்தபடி.

நாளை சிங்கப்பூரிலிருந்து மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்வதை மேலே பார்த்துவிட்டு, அதே பட்டியலின்படி சரக்கு இறங்குவதைக் கீழேயும் பார்ப்பார்களாம். எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தால் கிள்ளானில் இருக்கும் எங்கள் இன்னொரு கிடங்குக்கும் இதே மெஷின். அங்கேயும் ஒரு யூசுப் அண்ணன் இருப்பார்.

நாளைய சரக்குக் காகிதங்கள் என் மேசையில். அதில் பீப்பாய் நாற்பது. பெயர் 'அக்வா பிரைட்'. இதுவரை நான் பார்க்காத பெயர். தட்டிப் பார்த்தேன். இரண்டாம் கிடங்கு என்கிறது. எஞ்சின் ஆயில் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

தீர்மானம்: நாளை எதையும் திருத்தப் போவதில்லை.

பிழையோடு பட்டியல் கீழே போகட்டும். லோரி வரும்போது நான் இரண்டாம் கிடங்கு வாசலில் நிற்பேன். முதல் பீப்பாயை உள்ளே உருட்டுமுன், அந்த மூன்று பேர் முன்னாலேயே, நிறுத்துங்கள் என்று கத்துவேன். இதுதான் உங்கள் மெஷினின் லட்சணம் என்பேன். ஐந்து வாரமாக நான் திருத்தியதையும் சொல்லிவிடுவேன். என் வேலை போனால் போகட்டும்.

இல்லை, போனால் போகட்டும் என்று மனதார எழுதவில்லை. போகக் கூடாது பிள்ளையாரே. ஆனால் கத்துவேன்.

லோரி பத்தேகாலுக்கு. பத்து மணிக்கே கீழே இருக்க வேண்டும். வாசலில் இல்லாமல் போனால்? ஒரு பீப்பாய் ஓட்டையாக இருந்தால்? முடியாது, நான் அங்கே இருப்பேன்.


மார்ச் 17, வியாழன்

ஆறு மணி ஃபெரி, திரும்பி வரும்போது. கூட்டம். மடியில் வைத்து எழுதுகிறேன்.

திருத்தவில்லை. ஒன்பது மணிக்கு என் கையாலேயே பிழைப் பட்டியலைக் கீழே அனுப்பினேன்.

ஒன்பதரைக்கு மூவரும் வந்தார்கள். பாஸ் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். இதைத் தட்டு, அதைக் காட்டு. ஒருவர் கையில் கடிகாரம், நான்கு நிமிடத்தை நிஜமாகவே எண்ணினார். பத்து மணி. பத்து ஐந்து. எழுந்தேன். பாஸ் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "இன்னொரு தடவை காட்டு" என்றார். பத்தேகால். ஜன்னலுக்கு வெளியே லோரி பின்னால் வருகிற சத்தம். என் உள்ளங்கை வேர்வையில் விசைகள் வழுக்கின. தினமும் தட்டுகிற ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லை, தேயிலையைத் தப்பாகத் தட்டினேன்.

பத்து நாற்பது. கழிப்பறை என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடினேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. அந்த ஆட்கள் சுருண்டு படுத்திருக்கும் மூலைதான் கண்ணுக்குள் நின்றது. நான் செய்தது. நான் தெரிந்தே செய்தது.

இரண்டாம் கிடங்கில் எஞ்சின் ஆயில் மட்டும். ஒரு பீப்பாய்கூட இல்லை.

நாலாம் கிடங்குக்கு ஓடினேன். நாற்பதும் அங்கே. வரிசையாக, தனியாக, காற்று வரக் கதவைத் திறந்து வைத்து.

பின்னாலேயே பாஸும் அந்த மூவரும் இறங்கி வந்துவிட்டார்கள். கிடங்கில் கூச்சல் இல்லை. எது எங்கே என்று ஒருவனும் ஒருவனைக் கேட்கவில்லை. ஒவ்வொருவனும் தன் பாட்டுக்கு வேலை செய்கிறான். கடிகாரக்காரர் பாஸைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு கேள்விகூட இல்லாமல் நடக்கிறதே என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். பாஸ் முகம் மலர்ந்து என்னையும் தட்டச் சொல்லிக் கண் காட்டினார்.

இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்துவதற்கு அங்கே எதுவுமே மிச்சமில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. பிழை எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவேன்? நானும் கை தட்டினேன்.

அவர்கள் காரில் ஏறிய பிறகு யூசுப் அண்ணன் என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கீழே வைத்துவிட்டு, சுற்றிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்க? ஒன்னும் ஆவலமா. லிஸ்ட்ல அந்தப் பீப்பாய் மறுபடி தப்பா இருந்துச்சு, இன்னும் ஏழெட்டு எடத்திலயும்தான். பெரிய ஆளுங்க வர்ற நேரத்துல மேல வந்து சொன்னா ஒனக்கு அசிங்கமாப் போயிடும்ல. நானே எல்லாத்தயும் மாத்திப் போட்டுட்டேன். பயலுவகிட்டயும் சொல்லி வச்சிட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஒன் வேலைக்கு ஒன்னும் வராது. பயப்படாத."

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"தேங்க்ஸ்ணே" என்றேன்.