பிளாப்பிக்கு வைத்த பொட்டு

ஐப்பசி 9, செவ்வாய், இரவு.

அப்பா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில், கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம் ஏற்றியதும் உற்பத்திப் பதிவுகள் காணாமல் போய்விட்டன. நகல், அப்பா வீட்டில் பத்திரப்படுத்தியிருந்த பிளாப்பித் தகடுகளில் மட்டும்தான் இருந்தது. அவற்றையும் கம்ப்யூட்டர் படிக்கவில்லையாம்.

"உள்ள பூரா குங்குமம், அண்ணாச்சி. பிளாப்பிக்குப் பூசை பண்ணுனது யாரு?" என்று மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரர் சிரித்தாராம். முதலாளி சிரிக்கவில்லை. அப்பாவை நாளை முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்.

ஆயுத பூசையன்று என் புத்தகங்களோடு அவற்றையும் அடுக்கி, உறையின் நடு ஓட்டையில் தெரிந்த கறுப்புத் தகட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். அப்பாவுக்கு அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பா கேட்டதும், "நாந்தான் வச்சேன்" என்றாள் அம்மா.

"கூறு இருக்கா ஒனக்கு?" என்று அப்பா அவளை ஏசினார்.

பிறகு அடுப்படியில் அம்மா என் காதருகே சொன்னாள்: "சொல்லிராதட்டி."

காலையில் ஆபீசுக்குக் கிளம்ப அப்பா சைக்கிளைத் துடைக்க மாட்டார்.